அந்தலுஸுக்குக் கண்ணீர், அடுக்களைக்கு அச்சமா?

நம் மேடைகளில் அந்தலுஸ் என்னும் பெயர் ஒலிக்காத ஆண்டு இல்லை. குர்துபாவின் பள்ளிவாசலையும், கிரனாடாவின் அல்ஹம்ராவையும், 1492ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் இரண்டாம் நாள் அந்நகரம் கைமாறியதையும் கண்ணீர் மல்க எடுத்துரைக்காத பேச்சாளரும் அரியர். ஆனால், அதே கிரனாடாவுக்கு ஸ்பானிய மொழி படிக்கப் போகிறேன் என்று நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் சொல்லட்டும். அங்கே உள்ளூர்க் குடும்பம் ஒன்றோடு தங்கி, அவர்கள் மேசையில் உண்டு, அவர்கள் பேச்சைக் கேட்டுப் பயிலப் போகிறேன் என்று சொல்லட்டும். கண்ணீர் சிந்திய அதே கண்கள் சிவந்துவிடுகின்றன. "படிப்பதானால் விடுதியில் தங்கிப் படி. நம்மவர் நாலு பேராய்ச் சேர்ந்து ஓர் அறை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வீட்டில் போய்ப் பாயை விரிக்காதே" என்கிறார்கள். இந்தப் பேச்சு தவறு. மார்க்கத்தின் பெயரால் பேசப்படுவதால் இரட்டிப்புத் தவறு.

மொழிக்காகப் பிள்ளையை வேறொரு குடும்பத்தில் விட்டு வைப்பது நமக்குப் புதிய வழக்கமா, அன்பர்களே? மக்கத்துக் குறைஷிகள் தம் குழந்தைகளைப் பாலைவனத்துக் குடும்பங்களிடம் ஒப்படைத்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பனூ ஸஅத் கூட்டத்தாரான அன்னை ஹலீமா அவர்களின் இல்லத்தில் வளர்ந்த வரலாற்றை மீலாது மேடைகளில் ஆண்டுதோறும் சொல்லி மகிழ்கிறோம். நல்ல காற்று அதற்கு ஒரு காரணம். கலப்பற்ற அரபு மொழி மற்றொரு காரணம் என்று சீறா ஆசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் ஹுதைல் குலத்தாரோடு வாழ்ந்து அவர்களுடைய சொல்லையும் கவிதையையும் கற்றார்கள். கூஃபாவின் இலக்கண மேதை கிஸாயீ, பாலைவனத்து அரபிகளின் வாய்மொழியை எழுதி எழுதியே பதினைந்து குப்பி மை தீர்த்தார் என்று வரலாறு கூறுகிறது. நகரத்தில் ஆசிரியர்களுக்குப் பஞ்சம் வந்ததாலா அவர் கூடாரங்களைத் தேடிப் போனார்?

"அவர்கள் அரபிகளிடம் அரபு கற்றார்கள், அது வேறு" என்று சொல்பவர் உண்டு. அவர்களுக்கு ஸைது இப்னு ஸாபித் (ரலி) அவர்களை நினைவூட்டுகிறேன். யூதர்களின் எழுத்தைக் கற்றுவரும்படி அவர்களுக்கு ஆணையிட்டது யார்? அரை மாதத்தில் அவர்கள் அதைக் கற்றுத் தேர்ந்ததை நம் மதரஸாப் பிள்ளைகள் எல்லாரும் ஓதியிருக்கிறார்கள். அதுவும் போதாது, ஸ்பெயினிலிருந்தே சான்று வேண்டும் என்றால், அதுவும் இருக்கிறது. 1455ஆம் ஆண்டின் இறுதியில், செகோவியா நகரத்து முஸ்லிம்களின் முஃப்தியாக இருந்த ஈஸா என்னும் பெரியார், ஆல்ப்ஸ் மலைப் பக்கத்துச் சவோய் நாட்டிலிருந்த ஹுவான் தெ செகோவியா என்னும் பாதிரியாரின் மடத்துக்கு அழைப்பின்பேரில் பயணமானார். சில மாதங்கள் அங்கேயே தங்கினார். திருக்குர்ஆனை ஸ்பானிய மொழியில் பெயர்த்துக் கொடுத்தார். ஊர் திரும்பியபின் 1462இல் தம் மக்களுக்காக மார்க்கச் சட்டங்களை ஒரு நூலாக, அதே ஸ்பானிய மொழியில், எழுதினார். காஸ்டிலிய நாட்டு முஸ்லிம்களுக்கு அரபு மறந்துவிட்டிருந்தது. அவர்களுக்கு விளங்கும் மொழியில் மார்க்கத்தைச் சொல்ல அவர் வெட்கப்படவில்லை. பாதிரியாரின் கூரையின்கீழ்ப் பல மாதம் உறங்கி எழுந்த முஃப்தியின் ஈமானை எந்த எலி கொறித்துவிட்டது?

பின்னர் வந்த தலைமுறைகள் ஸ்பானிய மொழியை அரபு எழுத்தில் எழுதின. அல்ஹமியாதோ என்று அவ்வேடுகளுக்குப் பெயர். அரபுத் தமிழ்க் கிதாபுகளைப் பாட்டிமார் மடியில் பார்த்து வளர்ந்த நமக்கு அதை விளக்கவும் வேண்டுமோ? 1567இல் மன்னர் பிலிப்பின் ஆணை, கிரனாடா முஸ்லிம் வழித்தோன்றல்களின் அரபுப் பேச்சையும், உடையையும், குளியலறைகளையும் தடை செய்தபோது, பிரான்சிஸ்கோ நூஞெஸ் முலே என்னும் முதியவர் எழுதிய முறையீடு இன்றும் இருக்கிறது. மொழி வேறு, மதம் வேறு. மால்டாத் தீவின் கிறித்தவர்களும் அரபுதானே பேசுகிறார்கள் என்பது அவருடைய வாதங்களுள் ஒன்று. அன்று அரசர் அதைக் கேட்கவில்லை. இன்று ஸ்பானிய மொழியைக் 'கிறித்தவர் மொழி' என்று ஒதுக்கும் நம்மவர் எந்தப் பக்கத்து வாதத்தைக் கையில் எடுத்திருக்கிறார்கள் என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

சரி, விடுதியில் தங்கினால் என்ன கெட்டுவிடும்? மார்க்கம் கெடாது, மொழி வராது. கிரனாடாவின் மொழிப் பள்ளிகளில் காலை நேரம் நான்கு மணி அளவு பாடம் நடக்கிறது. வினைச்சொல் திரிபுகளை அங்கே கரும்பலகையில் கற்கலாம். பிறகு? வகுப்புத் தோழர்கள் ஜப்பானியரும் ஜெர்மானியரும் அமெரிக்கருமாய் இருப்பார்கள். கதவைத் தாண்டியதும் அவர்களுக்குள் பொதுமொழி ஆங்கிலம்தான். அறையிலோ நம்மவரின் தமிழ். ஆறு மாதம் கழித்துத் திரும்பும் பிள்ளை கையில் சான்றிதழ் இருக்கும். வாயில் மொழி இராது.

கிரனாடாவின் வீட்டுப் பேச்சோ பாடநூலில் இல்லை. பாடநூல் 'லோஸ் நீஞோஸ்' என்று குழந்தைகளைக் குறிக்கும். அடுக்களையில் அது 'லோ நீஞோ' என்று வால் அறுந்து வரும். ஈற்றுச் சகரத்தை விழுங்கிவிட்டு, முன்னுள்ள உயிரை அகலத் திறப்பார்கள். ஒருமையும் பன்மையும் அந்த உயிரின் திறப்பிலேயே பிரிகின்றன. இது காதுக்கு மட்டும் பிடிபடும் இலக்கணம். செந்தமிழுக்கும் வீட்டுத் தமிழுக்கும், கிதாபு அரபுக்கும் கடைத்தெரு அரபுக்கும் உள்ள தூரத்தை அறிந்த நாம் இதை உணராமல் போவது விந்தை. கிரனாடாவை வென்றவர்களின் துறவியான பேதுரோ தெ அல்காலா, 1505இல் அச்சிட்ட அரபுச் சொல்லகராதியில், அந்நகரத்து மக்கள் பேசிய கொச்சை அரபையே தொகுத்தார். வீட்டு மொழி தெரியாமல் மனிதரை அடைய முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. (அவர் எதற்காக அடைய விரும்பினார் என்பது வேறு கதை.)

இடையே ஒன்று. அவர்கள் மொழியில் 'ஆனால்' என்பதற்கும் 'நாய்' என்பதற்கும் ஒரே ஒலிதான் வேறுபாடு. ஒன்றில் நம் ரகரம், மற்றொன்றில் அழுத்தி உருட்டிய றகரம். அரும்புக்கும் கறிக்கும் நாவை மாற்றத் தெரிந்த பிள்ளைக்கு இதில் பாதிச் சுமை குறைவு.

இனி மேசைக்கு வருவோம். எதிர்ப்பு முழுவதும் அந்த மேசையைச் சுற்றித்தானே நிற்கிறது!

காலையில் ரொட்டியை வாட்டி, ஒலிவ எண்ணெய் ஊற்றி, துருவிய தக்காளியைப் பரப்பித் தருவார்கள். பாலூற்றிய காப்பி உடன் வரும். பெரிய உணவு பிற்பகல் இரண்டு, இரண்டரைக்கு. மாலையில் சிறு தின்பண்டம். இரவுணவு ஒன்பது, ஒன்பதரைக்கு. "இப்படி அகாலத்தில் உண்ணும் மக்களோடு எப்படித் தொழுகையைப் பேணுவது?" என்று ஒரு நண்பர் கேட்டார். அகாலம் வயிற்றில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. ஸ்பெயின் பூமியின் அமைப்பால் இங்கிலாந்தின் நேரத்துக்குரிய நாடு. 1940இல் அதன் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி நடு ஐரோப்பாவோடு சேர்த்தார்கள். அது பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. கோடையில் இன்னும் ஒரு மணி கூடும். ஆகவே ஜூலைத் திங்களில் கிரனாடாவில் சூரியன் உச்சி சாய்வது பிற்பகல் 2.20ஐ ஒட்டி. அதாவது அக்குடும்பம் உணவுக்கு அமரும் நேரமும் லுஹருக்கு வக்து நுழையும் நேரமும் ஏறத்தாழ ஒன்று. இரவுணவு மஃரிபை ஒட்டி வருகிறது. "பத்து நிமிடத்தில் வருகிறேன், சேஞோரா" என்று சொல்லிவிட்டு அறையில் தொழுது வருபவனுக்கு எந்த வீட்டிலும் தட்டு ஆறிப்போகாது. குளிர்காலத்தில் நோன்பு வரும் ஆண்டுகளில் சூரியன் ஆறு மணி அளவில் மறையும். அது அவர்களுடைய மாலைத் தின்பண்ட வேளை. நோன்பு திறக்க இதைவிட நல்ல ஏற்பாடு விடுதியில் கிடைக்குமா?

பன்றி இறைச்சி? ஆம், அதுதான் உண்மையான சிக்கல். அதை மறைத்து எழுதுபவன் வாசகரை ஏமாற்றுபவன். ஸ்பானிய அடுக்களையில் அது இறைச்சியாக மட்டும் வருவதில்லை. பருப்புக் குழம்பில் சுவைக்காக ஒரு துண்டுச் சொரிசோ மிதக்கும். "நான் பன்றி உண்பதில்லை" என்று பிள்ளை சொன்னால், நல்ல மனத்தோடு அந்த அம்மையார் துண்டை மட்டும் எடுத்து ஓரமாய் வைத்துவிட்டுக் குழம்பை ஊற்றுவார். கிறிஸ்துமஸ் நாளில் தரும் மந்தேகாதோ என்னும் மாவுப் பண்டத்தில் நெய்க்குப் பதில் பன்றிக் கொழுப்பு. அரபுப் பெயரைக் கண்டு மயங்குபவர்களுக்கு இன்னொரு செய்தி: அல்போந்திகாஸ் என்பது 'அல்புந்துகா' என்ற நம் அரபுச் சொல்தான், ஆனால் அந்தக் கொத்திறைச்சி உருண்டையில் பாதி பன்றியாக இருக்கக்கூடும். சொல் முஸ்லிமாய்ப் பிறந்ததால் சட்டியும் ஹலாலாகிவிடாது.

ஆகவே முதல் நாளே, முதல் உணவுக்கு முன்னே, தெளிவாய்ச் சொல்ல வேண்டும்: இறைச்சி மட்டும் அன்று, கொழுப்பும் கூடாது, அது வெந்த குழம்பும் கூடாது, ஒயின் ஊற்றிச் சமைத்ததும் கூடாது. இதைச் சொல்லும் ஸ்பானிய வாக்கியங்களைப் புறப்படும் முன்பே மனப்பாடம் செய்துகொள்வது கடமை. அதன்பின் அந்த அம்மையாருக்குச் சமைக்க எதுவும் இராது என்று நினைக்கிறீர்களா? தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கர் இறைச்சியை விலக்குவர். அதற்கென்றே கொண்டைக்கடலையும் பசலைக்கீரையும் கருவாட்டுக் காட் மீனும் சேர்த்து ஒரு கூட்டு, தலைமுறை தலைமுறையாக அவர்கள் அடுக்களையில் இருந்து வருகிறது. உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்த தோர்தில்யா இருக்கிறது. தக்காளியை அரைத்துக் குளிரவைத்த கஸ்பாச்சோ இருக்கிறது. பொரித்த மீன் இருக்கிறது. "வெள்ளிக்கிழமைச் சாப்பாடு எனக்கு எல்லா நாளும் போதும்" என்று பிள்ளை சொன்னால், அதைவிட விளக்கமாய் அவர்களுக்கு எதுவும் சொல்லத் தேவையில்லை. ஹலால் இறைச்சிக் கடைகளும் அந்நகரத்தில் உண்டு. மொரோக்கோ நாட்டவர் நடத்துகிறார்கள். வாங்கிக் கொடுத்து, தனிச் சட்டி கேட்டால், பெரும்பாலோர் மறுப்பதில்லை.

இங்கே ஒன்றை நின்று சொல்ல வேண்டும். அந்த 1567ஆம் ஆண்டு ஆணையில், வெள்ளிக்கிழமைகளிலும் திருநாட்களிலும் மணநாட்களிலும் வீட்டுக் கதவுகளைத் திறந்தே வைக்க வேண்டும் என்றொரு விதி இருந்தது. உள்ளே தொழுகிறார்களா என்று தெருவில் போவோர் பார்ப்பதற்காக. பன்றியைத் தொடாதவர், மது அருந்தாதவர் யார் என்று அண்டை வீட்டார் விசாரணை மன்றத்துக்குச் சொல்லிக் கொடுத்த நாடு அது. உணவு மேசையே சாட்சிக் கூண்டாய் இருந்த நாடு. 1609 முதல் 1614 வரை எஞ்சியவரையும் கப்பலேற்றி அனுப்பினார்கள். அதே நாட்டில், அதே மேசையில், இன்று நம் பிள்ளை அமர்ந்து, "நான் பன்றி உண்பதில்லை, நான் முஸ்லிம்" என்று உரக்கச் சொல்ல, எதிரே இருக்கும் மூதாட்டி, "அப்படியா மகனே, நாளைக்கு மீன் வாங்கி வருகிறேன்" என்கிறார். இந்த மாற்றத்தைக் கண்ணால் காணப் பிள்ளையை அனுப்பாமல், நூற்றாண்டுக் கணக்கில் அல்ஹம்ராச் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருப்பதில் என்ன பயன்?

உணவு முடிந்ததும் எழுந்துவிடக் கூடாது. சோப்ரெமேசா என்று ஒன்று உண்டு: தட்டுகள் எடுத்தபின்னும் மேசையைச் சுற்றி அமர்ந்து பேசிக்கொண்டிருப்பது. விலைவாசி, மகன் மனைவி, பக்கத்து வீட்டுக்காரரின் முழங்கால் வலி, தொலைக்காட்சிச் செய்தி எல்லாம் வரும். குளிர்காலமானால் அந்தலூசியப் பழைய வீடுகளில் வட்ட மேசைக்கு அடியில் கனப்பு வைத்து, தரைவரை தொங்கும் கனத்த துணியால் மூடியிருப்பார்கள். கால்களை அதற்குள் நுழைத்துக்கொண்டு பேசுவார்கள். மொழிப் பள்ளி விற்க முடியாத பாடம் இது. தலையணைக்கு 'அல்மொஹாதா' என்பார் அந்த அம்மையார், நம் 'அல்மிகத்தா'. சர்க்கரை 'அஸூக்கர்', எண்ணெய் 'அஸெய்த்தே', அரிசி 'அர்ரோஸ்'. இன்னாரென்று பெயர் சொல்லாமல் ஒருவரைக் குறிக்க 'புலானோ'; நாமும் 'புலான்' என்றுதானே ஓதினோம்! 'ஒஹாலா' என்று பெருமூச்சு விடுவார். இறைவன் நாடினால் என்ற பொருள் அதில் புதைந்திருப்பதை அவரே அறியமாட்டார். நஹ்வு படித்தவரை இன்றும் திணறடிக்கும் 'ஹத்தா' இருக்கிறதே, அது ஸ்பானிய மொழியில் 'அஸ்தா'வாகிக் குடியிருக்கிறது. இரவு விளக்கணைக்கும்போது அந்த வீட்டில் எல்லாரும் சொல்வது 'அஸ்தா மஞானா', நாளை வரை. அரபு ஓதிய பிள்ளைக்கு இந்த மேசை பாதி சொந்த வீடு.

மரியாதைச் சொல்லில் நம் பிள்ளை தடுமாறுவான். 'தூ' என்றால் நீ. 'உஸ்தெத்' என்றால் நீங்கள். எழுபது வயது அம்மையாரை 'தூ' என்று அழைக்க நாக்கு எழாது. அவரோ, "என்னை உஸ்தெத் என்று சொல்லிக் கிழவியாக்காதே" என்பார். அவர் கேட்பதைச் சொல்வதே அங்கு மரியாதை. நன்றி, தயவுசெய்து என்ற சொற்களையும் வீட்டுக்குள் அவர்கள் மிகுதியாய்ப் பயன்படுத்துவதில்லை. "தண்ணீர் கொடு" என்பதே போதும். இதில் அவர்கள் ஆங்கிலேயரைவிட நமக்கு நெருங்கியவர்கள். கீழே விழுந்த ரொட்டித் துண்டை எடுத்து முத்தமிடும் முதியவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

சில்லறைச் சிக்கல்கள் சில. அவர்கள் குளியலறைத் தரையில் நீர் போக வழி இருப்பதில்லை. வுளூச் செய்து தரையைக் குளமாக்கினால் சண்டை வரும், நியாயமாகவே வரும். பழைய வீடுகளில் கழிப்பறையருகே தாழ்வாய் ஒரு கழுவு தொட்டி இருக்கும். கால் கழுவ அது போதும். ஆண் பெண் பேதமின்றிக் கன்னத்தோடு கன்னம் வைத்து வாழ்த்தும் வழக்கம் உண்டு; நெஞ்சில் கை வைத்து முன்கூட்டியே புன்னகையோடு வணங்கிவிட்டால் யாரும் புண்படமாட்டார்கள். நாய் வளர்க்கும் வீடுகள் மிகுதி. ஷாபிஈ மத்ஹபினரான நமக்கு அது கடினம். நாயில்லாத வீடு கேட்டுப் பெறலாம். ஆனால், அந்தலுஸில் ஓங்கியிருந்த மாலிகி மத்ஹபு உயிருள்ள நாயை அசுத்தமென்று சொல்லவில்லை என்பதை, நாயைக் கண்டதும் அலறி ஓடுபவர் அறிந்திருப்பது நல்லது.

பெண் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பீர்கள். பெண்ணை விடுதிக்கு அனுப்புவதைவிட, விதவைத் தாயொருத்தி மகளோடு வாழும் வீட்டில் தங்கவைப்பது எனக்கு மேலாகவே தோன்றுகிறது. இரவு பத்துக்குத் திரும்பாவிட்டால் விடுதிக் காவலருக்குக் கவலையில்லை. அந்தத் தாய்க்கு உண்டு. பெண்கள் மட்டும் உள்ள வீடு வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதலாம். எழுதியபடி கிடைக்காவிட்டால் போக வேண்டாம். இதில் விட்டுக்கொடுக்கச் சொல்ல நான் வரவில்லை.

இனி எதிர்ப்பக்கத்தாரையும் இரண்டு வார்த்தை. அந்த வீட்டை மலிவான தங்கும் விடுதியாய் எண்ணிப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தட்டோடு அறைக்குள் புகுந்து, காதில் ஒலிக்கருவி மாட்டி, கைப்பேசியில் நம்மூர்ப் படம் பார்ப்பார்கள். அவர்களுக்காக நான் வாதாடவில்லை. அவர்கள் விடுதியிலேயே கிடக்கட்டும். இன்னொரு கூட்டம், மூன்றாம் நாளே அந்த மூதாட்டியிடம் 1492க்குக் கணக்குக் கேட்கத் தொடங்கிவிடும். ஐந்நூறு ஆண்டுக்கு முந்திய மன்னர்களின் பாவத்துக்கு, காலையில் ரொட்டி வாட்டித் தருபவரா பொறுப்பு? அல்பைஸின் மேட்டில், அல்ஹம்ராவை எதிர்நோக்கி, 2003இல் ஒரு பெரிய பள்ளிவாசல் திறக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை அங்கே போய்த் தொழட்டும். தோட்டத்தில் நின்று வேண்டுமட்டும் கண்ணீர் விடட்டும். இரண்டரைக்குள் வீடு வந்து சேரட்டும்.

"காசு வாங்கிக்கொண்டுதானே சோறு போடுகிறார்கள், இதில் குடும்பமென்ன உறவென்ன?" என்று ஏளனம் செய்வாரும் உண்டு. ஆம், காசுதான். பிள்ளைகள் மணமாகிப் பிரிந்தபின் காலியான அறையை வைத்துக் குடும்பம் நடத்தும் பெண்கள் பலர். அன்னை ஹலீமா அவர்களும் ஊதியத்தை எதிர்பார்த்தே மக்கா வந்தார்கள். அநாதைக் குழந்தையை எடுக்க முதலில் தயங்கியதும் அதனால்தான். அந்த ஊதியத்தால் அவர்களுடைய தாய்மை குறைந்ததா? நாயகம் (ஸல்) அவர்கள் பிற்காலத்தில் அவர்களுக்கு எழுந்து மேலாடை விரித்த மரியாதையை யார் மறக்க முடியும்?

அனுப்பத் துணியும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கிரனாடாவில் பிற்பகல் இரண்டரை மணி என்பது கோடையில் நமக்கு மாலை ஆறு. வேலையெல்லாம் முடித்து, மஃரிபுக்கு முன் பிள்ளையோடு இரண்டு வார்த்தை பேசலாம் என்று தாய்மார் தொலைபேசியை எடுப்பதும் சரியாக அதே நேரம். அப்போது அழைக்காதீர்கள். இஷா தொழுதபின் அழையுங்கள். அங்கே மாலை ஐந்து, ஆறு மணி இருக்கும், ஓய்வாய் இருப்பான். இரண்டரைக்கு அவன் மேசையில் இருக்கிறான். அந்த மூதாட்டி பக்கத்து வீட்டுக்காரரின் முழங்காலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார்.